மெய்யே என்று கேட்காதவர்

வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை என்று நம்பி, ஒரு பெண் அதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்றைத் தன்னைப் போன்ற சில பெண்களுக்குச் சொன்னாள். நான் அடுத்த அறையில் கிடந்து அதைக் கேட்டேன். கேட்டதை என் தங்கைக்குச் சொன்னேன். தங்கை ஊருக்குச் சொன்னாள். பழி வேறொருவர் மேல் விழுந்தது. அந்தப் பழியை எடுத்துக்கொள்ள நான் வாய் திறக்கவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். இதைச் சுற்றிக் காரணங்கள் அடுக்க எனக்கு இந்த வயதில் மனம் இல்லை.

பழி விழுந்தவரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

அவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்கள், பால்நிலைக் கற்கைகள் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பெயரை எழுதவில்லை; எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அல்லைப்பிட்டியில் கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். இப்போது ஓய்வு பெற்று மன்னாரில் தங்கையோடு இருக்கிறார் என்று கேள்வி. நான் புங்குடுதீவு இறுப்பிட்டியான், புவியியல் படிப்பித்தவன். தீவுப்பகுதி ஆள் ஒருவர் வேண்டும் என்பதற்காக அந்த நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள்.

நிலையம் என்றால் இரண்டு அறைகள். அதற்கு முன் அவை எங்கள் துறையின் பழைய வரைபடங்களும் கால் உடைந்த கதிரைகளும் கிடந்த இடம். அதனால் அவர் மேல் எனக்கு முதலில் சின்னக் கோபம் இருந்தது. என்னைவிடக் கோபமானவர்களும் இருந்தார்கள். பெயர்ப்பலகை மாட்டிய அன்று விஞ்ஞானப் பேராசிரியர் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

"பால்நிலை எண்டால் என்ன, பால் பண்ணையோ?"

"ஓம் சேர். இடம் ரெடி. நீங்கள் மாட்டைக் கொண்டு வாங்கோ" என்றார் இவர், ஏணியில் நின்றபடி.

உயரமான மனிசி. கொஞ்சம் கூனிக்கொண்டுதான் கதவுக்குள் நுழைவார். பஸ்ஸில் ஏறி இருந்தவுடன் நித்திரையாகிவிடுவார்; இறங்க வேண்டிய இடத்துக்கு முந்திய தரிப்பில் எழும்பிவிடுவார். யாராவது தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணாடி போட்டிருந்தால் எனக்கு வாசிக்கத்தான் வரும். கேக்க வராது."

ஆனால் அவருடைய குணத்தை ஒரு சொல்லால்தான் சொல்லலாம். இல்லை, அவர் சொல்லாத ஒரு சொல்லால். யாழ்ப்பாணத்தில் யார் எதைச் சொன்னாலும் நாங்கள் "மெய்யே?" என்று கேட்போம். அதில் சந்தேகம் ஒன்றும் இருக்காது. மற்ற ஊர்களில் "ம்" கொட்டுவது போலத்தான். "மாமிக்குச் சுகமில்லையாம்." "மெய்யே?" "நாளைக்குக் கரண்ட் வராதாம்." "மெய்யே?" இவர் மட்டும் அந்தச் சொல்லைப் பாவிக்கவே மாட்டார். தன் மாணவிகளையும் பாவிக்க விடமாட்டார்.

"நீங்கள் மெய்யே எண்டு கேட்டால், சொல்லுற ஆள் சாட்சி தேடத் துடங்கும். கதை நிண்டுபோம். பிறகு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ" என்பார்.

அவர் நம்புவார். யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் நம்புவார். அந்த நிலையத்தின் முழு வேலையும் அதுதான் என்பது போல நம்புவார். எங்களில் பலர் அதை அப்பாவித்தனம் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு நெடுந்தீவு மாணவியின் விஷயம் வரும்வரை.

அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை. கடல் கொந்தளிப்பு, படகு ஓடவில்லை என்று காரணம் சொன்னாள். கூட்டத்தில் ஒருவர், "நெடுந்தீவுப் பிள்ளையளுக்குக் கடல் ஒரு நல்ல சாட்டு" என்றார். எல்லோரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. "கொந்தளிப்பு எண்டு பிள்ளை சொன்னால் கொந்தளிப்புத்தான்" என்றார். எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. குறிகட்டுவான் ஜெட்டியில் எனக்குத் தெரிந்தவருக்குப் போன் எடுத்து விசாரித்தேன். அன்றைக்குப் படகு ஓடியிருந்தது. அதைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வெற்றியோடு வைத்தேன்.



"அப்ப அவளுக்கு வராமல் நிக்க வேறை ஏதோ இருந்திருக்கு, சேர். அதைச் சொல்லேலாமல்தானே கடலைச் சொன்னவள்."

"பொய் சொன்னவள் எண்டுறதை ஒத்துக்கொள்ளும்."

"வர ஏலாமல் போச்சு எண்டு சொன்னவள். அது உண்மைதானே?"

அந்த வேறு ஏதோ என்ன என்பது பின்னர் அவருக்குத் தெரியவந்தது. எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோது, "அது அவளின்ர கதை" என்று தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

மீன் விஷயத்தில் மட்டும் அவர் எவரையும் நம்பியதில்லை. ஒருமுறை பண்ணையடி மீன்சந்தையில் ஒருவர், "இப்பதான் கரைக்கு வந்தது அக்கா" என்று சத்தியம் செய்தார். இவர் குனிந்து செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கரைக்கு வந்ததை நீங்களும் காணேல்லை, உங்கட அப்பாவும் காணேல்லை" என்றார். பஸ் வரும்வரை அந்த மனிதரும் இவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என்னிடம் திரும்பி, "மனிசரை நம்பலாம் சேர். செத்த மீனை நம்பேலாது" என்றார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைதான் சொன்னார். சண்டைக் காலத்தில் அவருடைய ஊரில் சனம் கண்ணால் கண்டதை, பிறகு வந்து விசாரித்தவர்களுக்குச் சொன்னதாம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஆதாரம் கேட்டார்களாம். அவருடைய தாய் பாதியில் நிறுத்திவிட்டு எழும்பிப்போய் உலை வைத்தாராம். "அம்மா அதுக்குப் பிறகு அதைப் பற்றி எங்களோடையும் கதைக்கேல்லை. நம்பிறதும் ஒரு வேலைதான் சேர். ஆராயிறதுக்கு ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம்."

நிலையம் அப்போது தீவுப் பெண்களின் காணிகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தது. எங்கள் தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதென்றாலும் ஈடு வைப்பதென்றாலும் புருசன் கையெழுத்து வைக்க வேண்டும். காணி அவளுடையது, கையெழுத்து அவனுடையது. காணாமல் போனவர்களும், வெளிநாடு போய்த் திரும்பாதவர்களும் நிறைந்த இடத்தில் அந்தச் சட்டம் என்ன செய்கிறது என்பதைப் பெண்களிடமே கேட்க அவர் விரும்பினார். பாடசாலையில் கூட்டம் வைத்தால் அதிபர் வந்து உட்காருவார். கோயிலில் வைத்தால் தர்மகர்த்தா வருவார். எனவே இறுப்பிட்டியில் பூட்டிக் கிடந்த என் தாய்வீட்டைத் தந்தேன். தந்ததில் எனக்குப் பெருமை இருந்தது. இரண்டு மூன்று இடங்களில் சொல்லியும் இருக்கிறேன்.

மாதத்தில் ஒருமுறை விறாந்தையை அடுத்த பெரிய அறையில் பெண்கள் கூடினார்கள். ஒவ்வொரு முறையும் முதல்நாள் எனக்குப் போன் வரும்.

"சேர், நாளைக்கு வீட்டில ஆரும் நிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை. பூட்டுத் திறப்பு பக்கத்து வீட்டில இருக்கு."

அந்த முறையும் அப்படித்தான் சொன்னேன். சொன்னபோது அது உண்மையும்கூட. அன்று மாலைதான் வேலி அடைப்பதைப் பார்க்க ஊருக்கு வந்தேன். காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிப் போவதாக எண்ணம். பஸ்ஸை விட்டுவிட்டேன். மதியம் குசினியில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் சாரத்தோடு, மேலில் ஒன்றும் இல்லாமல் படுத்தேன். கண் விழித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களின் குரல். அவருடைய குரல் சொல்லிக்கொண்டிருந்தது:

"இந்த வீட்டில இப்ப எங்களைத் தவிர ஒருத்தரும் இல்லை. சேர் சொன்னவர்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண் ஒருவன் வந்தால் முதலில் செருமிக் காட்டுவான். சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். ஒரு செருமல் போதுமாக இருந்தது. நான் செருமவில்லை. சட்டை இல்லாமல் எப்படி வெளியே போவது என்ற கூச்சம் ஒன்று இருந்தது, உண்மைதான். அந்தக் கூச்சம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு கேட்பதில் ருசி வந்துவிட்டது.

பேசியது மடத்துவெளியில் இருக்கும் ஒரு பெண். குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. என் தங்கையின் புருசனுடைய தம்பியைக் கட்டியவள். தம்பிக்காரன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் எடுப்பான் என்பதும், அவள் முற்றத்தில் நின்று சத்தமாகக் கதைப்பாள் என்பதும் ஊரெல்லாம் அறிந்தவை. நானே வேலிக்கு மேலால் கேட்டிருக்கிறேன்: "இஞ்சை மழை இல்லையப்பா. கிணறு உவர்த்துப்போச்சு. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவள் சொன்னாள்: "அவர் எடுக்கிறேல்லை, மிஸ். எடுத்துக் கனகாலம். நான்தான் போனைக் காதில வச்சுக்கொண்டு கதைக்கிறனான். சனம் கேக்கவேணுமே. முதல் முதல் ஊருக்காகத்தான் கதைச்சனான். இப்ப, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கே கதைக்கவேணும் போல கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மெய்யே என்று கேட்கவில்லை. அவருடைய குரல் மட்டும், "பிறகு?" என்றது.

அவள் அழத் தொடங்கினாள். நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவள் சொன்னது எனக்குப் புதினம் இல்லை. சில காலம் முன்பு மகனைப் பார்க்கக் கனடா போனபோது, அந்தத் தம்பிக்காரன் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். சோறு போட்டது வேறொரு பெண். இரண்டு பிள்ளைகள் அவனை அப்பா என்று கூப்பிட்டன. வெளியே வரும்போது, "அண்ணை, ஊரில சொல்லவேண்டாம்" என்றான். குடும்ப மானம் என்று நினைத்து அதைக் கவனமாகக் காப்பாற்றினேன். அவனுடைய ரகசியத்தை அப்படிக் காத்தவன், அவளுடையதை அடுத்த நாளே தங்கையிடம் சொன்னேன். "பாவம்" என்றுதான் தொடங்கினேன். "பாவம், அந்தப் பிள்ளை ஆளில்லாத போனிலயாம் கதைக்கிறது."

"மெய்யே, அண்ணை?" என்றாள் தங்கை. கண் விரிந்திருந்தது.

தங்கைக்கு அது மைத்துனனின் மானம். அதனால் கதையை ஒரு திருப்புத் திருப்பித்தான் வெளியே விட்டாள். அவன் ஒழுங்காகத்தான் இருக்கிறான். அவளுக்குத்தான் விசர், ஆளில்லாத போனில் கதைக்கிறாள் என்று கதை போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுடைய வேலிப் படலையைக் கடக்கும்போது கையைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தின. அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கடைக்குப் போவதையும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. என் வீட்டு அறையில் அவர் தனியாக இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஆலோசனைக் குழு கூடியது. தீவு வேலைத்திட்டத்தை நிறுத்துவதா என்பது கேள்வி. அவர் எழும்பி, "பிழை என்னில" என்றார். என் வீட்டில் பெண்கள் கூடிய அந்த நாளுக்குப் பிறகு வகுப்பில், ஊரும் பெயரும் சொல்லாமல், போனில் தனியாகக் கதைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி மாணவிகளுக்குச் சொன்னாராம். சொல்வதற்கு அந்தப் பெண்ணிடம் அனுமதியும் வாங்கியிருந்தார். "அதில இருந்துதான் போயிருக்கவேணும். தீவு சின்ன இடம். நான் யோசிச்சிருக்கவேணும்."

குழுவில் ஒருவர், "அங்கை வேறை ஆரும் கேட்டிருக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

"இல்லை. வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சாட்சிக்குக் கேட்கவும் இல்லை. தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

திட்டம் நிறுத்தப்பட்டது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நான் அவரோடு நடந்தேன். "நீர் இதைப் பெரிசா மனதில போடாதையும்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

ஓய்வு பெற்றபின் இறுப்பிட்டிக்கே வந்துவிட்டேன். ஒருநாள் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னலோரம் நித்திரை. பாலம் கடந்து மடத்துவெளி வரப்போகும்போது வழக்கம் போல எழும்பினார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எங்கை இந்தப் பக்கம்?" என்றேன்.

"அவவைப் பாக்க, சேர்."

"உம்மோட கதைக்கிறவளோ?"

"இல்லை. படலை திறக்கிறேல்லை. மாசத்துக்கு ஒருக்கா வந்து கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போறனான்."

"இந்த வெயிலுக்கையோ? பிறகேன் வாறீர்?"

"பிழை செய்த ஆள் வரத்தானே வேணும்" என்றார், பையை எடுத்துத் தோளில் போட்டபடி.

நானும் இறங்கினேன். ஏன் இறங்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் உவர் நிலம். ஆள் நடமாட்டம் இல்லை. கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னேன்.

"அண்டைக்கு நான் வீட்டில நிண்டனான். பின்னறையில. என்ர தங்கச்சிக்கு நான்தான் சொன்னனான்."

அவர் இன்னும் சில அடிகள் நடந்துவிட்டுத்தான் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மெய்யே, சேர்?"

அவருடைய வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"ஓம்."

"ஒருக்காச் செருமியிருக்கலாமே."

"ஓம்."

"ஒவ்வொரு பொம்பிளையா நினைச்சு நினைச்சுச் சந்தேகப்பட்டனான். நான், சேர். பிறகு என்னைச் சந்தேகப்பட்டனான். உங்களை ஒருநாளும் நினைக்கேல்லை." குரல் உயரவில்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டார். "வாங்கோ. எனக்குச் சொன்னதை அங்கை சொல்லுங்கோ."

படலைக்கு வெளியே நின்று, அவர் உள்ளே பார்த்துச் சொன்னார்: "நான் இண்டைக்குத் தனிய வரேல்லை. உங்களிட்ட ஒண்டு சொல்ல ஒருவர் வந்திருக்கிறார். கேக்க விருப்பமெண்டால் வாங்கோ."

கனநேரம் கழித்து அவள் முற்றத்துக்கு வந்தாள். படலையைத் திறக்கவில்லை. நான் படலைக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: அறை, சாரம், தங்கை, கனடாவில் சாப்பிட்ட சோறு. அவள் என்னைவிட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் இந்த மனிசி வெயிலுக்கை காய்ஞ்சது உங்களுக்காகவோ, அண்ணை?"

நான் தலையாட்டினேன்.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கிறியள்."

"ஓம், பிள்ளை."

"அதை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? கறி வைக்கவோ?" பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. "இந்தக் காணியை வித்துப்போட்டு மகளோட வவுனியாவில போய் இருக்கவேணும் எனக்கு. அவர் கையெழுத்து வைக்கமாட்டார். விட்டிட்டுப் போனவர் எண்டு காட்டினால் கோட்டில நீதிபதி அனுமதி தருவாராம். காட்ட ஆள் வேணும். ஊரில ஒருத்தரும் வராயினம். விசரிக்கு ஆர் சாட்சி சொல்லுவினம்? நீங்கள் ஊருக்குச் சொன்னனீங்கள்தானே, கோட்டிலயும் சொல்லுவியளோ?"

தங்கையின் முகம் எனக்கு முன்னால் வந்தது. "சொல்லுறன்" என்றேன்.

"கனடாவில கண்டதையும்?"

"அதையும்."

அப்போதுதான் படலை திறந்தது. என்னைத் தாண்டி அவரை, "உள்ளை வாங்கோ மிஸ், தண்ணி குடியுங்கோ" என்று கூப்பிட்டாள். நான் ரோட்டில் நின்றேன்.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கணவனுடைய பக்கத்துச் சட்டத்தரணி கெட்டிக்காரர்.

"இவ்வளவு காலமும் இதைச் சொல்லாமல் ஏன் இருந்தீர்கள், பேராசிரியர்?"

"குடும்ப மானம் எண்டு நினைச்சன்."

"இப்போது குடும்பத்துக்கு மானம் இல்லையா?"

பின்வாங்கில் சிரித்தார்கள். "இருக்கு," என்றேன். "அது என்னட்டை இல்லை." சட்டத்தரணி மேலே கேட்காமல் உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது, பின்சுவரோரம் அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி இருந்தது.

அனுமதி கிடைத்தது. மடத்துவெளிப் பெண் காணியை விற்றுவிட்டு மகளிடம் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. போகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. இதை எழுதுவதற்கு முன் வவுனியாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "எழுதுங்கோ, கோட்டில சொன்னதுதானே. என்ர பேரை விடுங்கோ, உங்கட பேரைப் போடுங்கோ" என்றாள். தங்கை என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது நீதிமன்ற வாசலில்: "நான் ஊருக்குத்தான் சொன்னனான் அண்ணை. நீங்கள் அரசாங்கத்துக்கே சொல்லிப்போட்டியள்."

மடத்துவெளிப் பெண் போகுமுன் மற்றப் பெண்களுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாள். அவர்கள் மறுபடி கூட விரும்பியதால் நிறுத்திய திட்டம் திரும்பத் தொடங்கியது. பாடசாலையில் இடம் கேட்கலாம் என்று நிலையத்திலிருந்து சொன்னபோது அவர்கள் சம்மதிக்கவில்லை. "அந்த வீட்டிலதான் வைக்கவேணும். அவர் தன்ர வீட்டுக்கு வெளியில நிண்டு பாக்கட்டும்" என்றாளாம் ஒருத்தி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. முதல்நாள் போன் வந்தது.

"சேர், நாளைக்கு நீங்கள் எங்கை நிப்பியள்?"

"பட்டினத்துக்குப் போறன். வீட்டில ஒருத்தரும் இருக்கமாட்டினம்."



"பட்டினம் வேண்டாம், சேர். குறிகட்டுவான் ஜெட்டியில நில்லுங்கோ. துடங்க முன்னம் நான் எடுப்பன்."

எடுத்தார். ஜெட்டியில் நிற்கிறேன் என்றேன். "போனைக் கொஞ்சம் கடல் பக்கம் பிடியுங்கோ" என்றார். நீட்டிப் பிடித்தேன். நயினாதீவுப் படகு இயந்திரத்தை முடுக்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் ஆட்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். காதுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

அவர் ஓய்வு பெறும்வரை மாதாமாதம் அப்படித்தான் நடந்தது. கண்டபோதெல்லாம் மரியாதையாகக் கதைத்தார். என் முழங்கால் நோவை விசாரித்தார். மற்றவர்களிடம் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் அறியேன். சில வேளை, நிலையத்துக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், "மிஸ் எப்பிடி?" என்று கேட்பேன். "எல்லாத்தையும் ஒருக்கா விசாரிச்சுத்தான் செய்வா, சேர்" என்பாள். மற்றவர்கள் அதை அவருடைய அனுபவம் என்று மெச்சினார்கள்.

கடைசிக் கூட்டத்தன்று போன் வந்தபோது ஜெட்டியில் படகு எதுவும் இல்லை. ஒன்று போய்விட்டிருந்தது, மற்றது வரவில்லை. காற்றும் இல்லை. போனைக் கடல் பக்கம் பிடித்தேன். ஒன்றும் கேட்டிராது.

"ஆரும் பக்கத்தில நிக்கினமோ, சேர்? ஒருக்காக் குடுங்கோ."

பக்கத்தில் கச்சான் கடலை விற்கும் ஒரு மனிசிதான் இருந்தாள். போனைக் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஓம் பிள்ளை. ஜெட்டியிலதான். வயசு போன ஒருவர், வெள்ளைச் சேட்டு. ஓம், தனியத்தான் நிக்கிறார். இல்லை, ஒரு இடமும் போகேல்லை. சரி பிள்ளை."

திருப்பித் தரும்போது கேட்டாள்: "ஆர், மகளோ? நல்லாத்தான் கவனிக்கிறா."

"இல்லை," என்றேன். "என்னை நம்பேலாது. அதுதான் விசாரிக்கிறா."

அவள் பெரிதாகச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, கச்சான் சுற்றிய கடதாசிச் சரை ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வந்து சேர்ந்த படகின் ஆட்களைக் கூப்பிடப் போனாள்.